சம்மட்டிப் பிடிக்குச் சிவப்பு பெயிண்ட்

சுத்தியலை எடுத்துக் கொடுக்கிறதும் திருப்பி வாங்கி வைக்கிறதும் ஒரு உத்தியோகமான்னு என் நாத்தனார் கேட்டா; உத்தியோகம்தாங்க, சம்பளமும் உண்டு, தலைவலியும் உண்டு. டில்லியில ஒரு அரசாங்க ஒர்க் ஷாப். பேரு எதுக்கு, விடுங்க. அங்கே டூல் ரூம் ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கேன். தொழிலாளி வந்து தன்னோட நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுப்பார். நான் அதை ஆணியில மாட்டிட்டு, கேட்கிற சாமானைக் கொடுப்பேன். சாயங்காலம் சாமான் உள்ளே வரும், வில்லை வெளியே போகும். ரேஷன் கடை, தபால் ஆபீஸ், ரயில்வே டிக்கெட்னு ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்து ஊரார் பேச்சை வாங்கிக் கட்டிக்கிட்டவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. உங்ககிட்டச் சொன்னாத்தான் புரியும்.

ஜன்னலுக்கு வந்த கதை

என் வீட்டுக்காரர் செல்வம் இதே ஒர்க் ஷாப்புல உலையில வேலை பார்த்தவர். மேட்டூர்ப் பக்கத்திலேருந்து வேலை கிடைச்சு வந்தவர். பழுக்கக் காய்ச்சின இரும்பை இடுக்கியில பிடிச்சு இவர் பட்டடைக் கல்லு மேல வைப்பார். எதிர்ல நின்னு ராம்பால் சம்மட்டியால அடிப்பார். இவர் பிடிக்க அவர் அடிக்கன்னு பல வருஷத்து ஜோடி. ராம்பாலுக்கு யமுனைக்கு அந்தாண்டை உத்தரப் பிரதேசத்துல ஒரு கிராமம். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு இட்லிக்கு ஆஜராயிடுவார். என்னை பாபின்னுதான் கூப்பிடுவார். நம்ம ஊர்ல அண்ணின்னு சொல்ற மாதிரி.

ஒரு நாள் காலையில அவர் ஓங்கின சம்மட்டியோட பிடி முறிஞ்சு, இரும்புத் தலை மட்டும் பறந்து வந்து இவர் நெஞ்சுல விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் விசாரணை வச்சாங்க. அடிச்சவர் குறி தவறி, பிடி பட்டடை விளிம்புல மோதி முறிஞ்சிருக்குன்னு முடிவு பண்ணினாங்க. ராம்பாலை உலையிலேருந்து எடுத்து, வெளி யார்டுல தள்ளுவண்டி தள்ளப் போட்டாங்க. எனக்குக் கருணை அடிப்படையில டூல் ரூம் வேலை. அதாவது, என் தாலியை அறுத்த சாமானை நானே எடுத்துக் கொடுக்கிற வேலை. பொண்ணு படிக்கணுமே, வேண்டாம்னு சொல்ல முடியுமா?

முதல் நாள் ஜன்னலுக்கு வந்தவங்க எல்லாம் ஸ்பேனர் கேட்டாங்க, அரம் கேட்டாங்க, துணித் துண்டு கேட்டாங்க. மத்தியானம் வரைக்கும் ஒருத்தர்கூட சுத்தியல் கேட்கலை. சுத்தியல் இல்லாம ஒரு ஒர்க் ஷாப் எப்படி ஓடும்? எனக்கு விசித்திரமா இருந்தது. எங்க தேவராஜ் அண்ணன்கிட்டக் கேட்டேன். அவர் வேலூர்க்காரர், பட்டாளத்துல இருந்துட்டு இங்கே ஃபிட்டரா வந்தவர், எனக்கு அங்கே தமிழ் பேசக் கிடைச்ச ஒரே ஆள். அவர் என் மூஞ்சியைப் பார்க்காமச் சொன்னார்: "உன் கையால சுத்தியலை வாங்க யாருக்கும் மனசு வரலை தங்கச்சி."

கூலர் தொட்டியில் குளியல்

டில்லி வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாசத்து அனல்காத்துல மனுஷன் உதடே வெடிக்குது, மரம் என்ன பண்ணும்? பிடி சுருங்கும், தலை ஆடும். ஆடுற தலைக்கு வைத்தியம் ஒண்ணுதான். மேல் நுனியில ஆப்பை இறுக்கணும், இல்லேன்னா புதுப் பிடி போடணும். ஆனா எங்க ஆளுங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது பொறுமை? எல்லாம் ஜல்தி ஜல்தி.

நான் வந்த முதல் கோடையில, ஷாப்ல தண்ணி ஊத்தி ஓட்டுற பெரிய கூலர் திடீர்னு மக்கர் பண்ணிச்சு. காத்து வருது, குளிர்ச்சி இல்லை. பின்பக்கத் தட்டியைக் கழட்டிப் பார்த்தா, தண்ணித் தொட்டி நிறைய சுத்தியல். சேத்துல எருமை படுத்திருக்கிற மாதிரி தலையைத் தண்ணிக்குள்ள முக்கி ஜம்முனு கிடக்குதுங்க. பம்பு மேலயே ஒண்ணு குந்தியிருந்தது. ஊறின மரம் உப்பி இறுகும்னு, வேலை முடியலைன்னு என்கிட்டச் சாக்குச் சொல்லி ராத்திரியெல்லாம் ஊறப் போட்டுட்டு, காலையில எடுத்து அடிக்கிறாங்க. காஞ்சதும் மரம் முன்னைவிட அதிகமா சுருங்கி, தலை இன்னும் லொடலொடன்னு ஆயிடும். உள்ளே நார் நசுங்கிப் போயிருக்கும் இல்லையா.

எனக்கு வந்த கோவத்துல எல்லாத்தையும் வெளியே எடுத்து வரிசையா வச்சேன். எல்லாரும் திருட்டு முழி முழிச்சாங்க. இந்த வேலைக்குத் தலைவன் பல்பீர்னு ஒரு ஃபிட்டர், பஞ்சாபி, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. ஒருத்தர் செத்த இடத்துல இப்படிப் பண்ணலாமாய்யான்னு நான் கத்தினேன். அவனும் ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சான். ஆனா அவன் சும்மா இருக்கிறவனா? "மேடம்ஜி, இந்த வெயில்ல நமக்கே தண்ணிக்குள்ள இறங்கணும்னு இருக்கு, அதுக்கு மட்டும் இருக்காதா?"

நடமாடும் எச்சரிக்கை போர்டு

அதே பல்பீர் ஒரு நாள் பேரிங்கைக் கழட்ட முடியலைன்னு ஒரு சுத்தியலை அது மேல வச்சு, இன்னொரு சுத்தியலால ஓங்கிப் போட்டிருக்கான். சுத்தியலால சுத்தியலை அடிக்கவே கூடாதுங்க. ரெண்டும் கடினப்படுத்தின இரும்பு. ரெண்டும் விட்டுக்கொடுக்காத புருஷன் பொண்டாட்டி மாதிரி, மோதினா ஏதாவது ஒண்ணு சில்லு தெறிச்சே ஆகும். தெறிச்சது. அவன் கன்னத்துல, கண்ணுக்குக் கொஞ்சம் கீழே புகுந்துக்கிச்சு. ஒரு விரல் மேலே போயிருந்தா கண்ணு போயிருக்கும். காகிள்ஸ் எங்கேன்னு கேட்டா, பாக்கெட்டுல இருக்காம். பத்திரமா.

டாக்டர் சில்லை எடுத்து, தையல் போட்டு அனுப்பினார். அப்புறம் நான் ஒண்ணைக் கவனிச்சேன். என் ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் பல்பீர் காகிள்ஸை மாட்டிக்கிட்டு வருவான். அவன் மட்டும் இல்லை, மத்தவங்களும் என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைச் சரி பண்றது, கையுறையைத் தேடுறது. எனக்கு அது முதல்ல சிரிப்பா இருந்தது. அப்புறம் காரணம் புரிஞ்சது. எந்தப் பொம்பளைதாங்க ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் ஞாபகமா நாள் பூரா நாலு பேர் முன்னால உட்கார்ந்திருக்க ஆசைப்படுவா? ஒரு நாள் பல்பீரை நிறுத்தி, வேலை செய்யும்போது போடாம இங்கே வந்து எதுக்குடா போடறேன்னு கேட்டேன். தையல் போட்ட கன்னத்தைச் சொறிஞ்சுக்கிட்டே உண்மையைச் சொன்னான்: "மெஷினைப் பார்த்தா எனக்குப் பயம் வர்றதில்லை மேடம்ஜி, உங்களைப் பார்த்தாத்தான் வருது."

வெடிப்புக்குள்ளே ஓடின நிறம்

இதைச் சொல்றதுக்கு முன்னால எங்க ஒர்க் ஷாப் பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். நம்ம ஊர்ல ஆயுத பூஜை மாதிரி இங்கே விஸ்வகர்மா பூஜை. செப்டம்பர்ல வரும். அன்னைக்கு ஒரு சாமானையும் தொட மாட்டாங்க. முந்தின நாளே எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சிடுவாங்க. மெஷினுக்குப் பச்சை, சுத்தியல் தலைக்குக் கறுப்பு, மரப் பிடிக்குச் சிவப்பு. சாமி முன்னால வரிசையா அடுக்கி வச்சா கல்யாண வீடு மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் போனது அந்தப் பூஜைக்கு மறுநாள் காலையில.

டூல் ரூம் மூலையில கழிச்சுப் போட்ட சாமான் குவியல் ஒண்ணு உண்டு. ஒரு நாள் அதை ஒழுங்கு பண்ணும்போது, சீட்டு கட்டின ஒரு சம்மட்டிப் பிடித் துண்டு கையில வந்தது. விசாரணைக்கு எடுத்துட்டுப் போய்த் திருப்பி அனுப்பினது. சீட்டுத் தேதியைப் பார்த்ததும், இவர் மேல பறந்த சம்மட்டியோடதுன்னு தெரிஞ்சது. கீழே வச்சிடலாம்னு நினைச்சேன், முடியலை. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். பிடி முறிஞ்ச இடத்துல பாதி வெள்ளை வெளேர்னு புதுச் சிராய். மீதிப் பாதி கறுத்துப் போய் அழுக்கேறிக் கிடக்கு, அதுக்குள்ள சிவப்பு பெயிண்ட் வழிஞ்சு ஓடிக் காஞ்சிருக்கு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அன்னைக்குத்தான் முறிஞ்சதுன்னா உள்ளே எப்படிப் பெயிண்ட் போகும்? வெடிப்பு முன்னமே இருந்திருக்கு. அது மேல பெயிண்டைப் பூசி மூடியிருக்காங்க. ராம்பால் குறி தவறவே இல்லை. அடி இரும்பு மேலதான் விழுந்திருக்கு, பிடிதான் தாங்கலை. தரையில உட்கார்ந்து அழுதேன். இவருக்காக அழுதேனா, செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டு வண்டி தள்ளுற அந்த மனுஷனுக்காக அழுதேனான்னு எனக்கே தெரியலை.

ஃபோர்மேன் சர்மாஜிகிட்ட எடுத்துட்டுப் போனேன். நல்ல மனுஷன், ஆனா பயந்த சுபாவம். கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். புரிஞ்சிடுச்சுன்னு மூஞ்சியிலேயே தெரிஞ்சது. துண்டைத் துணியில சுத்தி என்கிட்டயே திருப்பிக் கொடுத்தார். "பெயிண்ட் அடிச்சது ஒருத்தர் இல்லை, மொத்த ஷாப்பும் சேர்ந்து பக்தியோட அடிச்சது, இதுல நான் யார் பேரை எழுதுவேன், சொல்லுங்க?"

அண்ணனோட கட்டு

அதுக்கப்புறம் என் ஜன்னல்ல ஒரு சட்டம் போட்டேன். பிடி மேல எதுவும் இருக்கக் கூடாது. டேப் சுத்தக் கூடாது, சைக்கிள் ட்யூப் சுத்தக் கூடாது, துணி கட்டக் கூடாது. கட்டு போட்ட பிடி வந்தா என் முன்னாலயே பிரிச்சுக் காட்டணும். மரம் வெறும் மரமா இருந்தாத்தான் எங்கே வெடிச்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். வழுக்காம இருக்க மாசத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெயைத் தொட்டுத் தடவி, உடனே துடைச்சிடணும். அவ்வளவுதான் அதுக்கு அலங்காரம்.

முதல்ல மாட்டினது யாருங்கிறீங்க? தேவராஜ் அண்ணனேதான். அவர்கிட்ட ஒரு சொந்தச் சுத்தியல், கறுப்பு ட்யூப் சுத்தினது. குழந்தையை மடியில வச்சுக்கிற மாதிரி வச்சுக்குவார். பிரிங்கண்ணேன்னேன். என்னையே சந்தேகப்படறியான்னு கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் என் பக்கமே வரலை. மூணாம் நாள் தானே வந்து பிரிச்சார். உள்ளே நீளவாக்குல ஒரு வெடிப்பு, நகம் நுழையற அளவுக்கு. சுத்தியலை ஜன்னல் மேடையில வச்சுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டார். "பட்டாளத்துலேருந்து என் கூடவே வந்தது தங்கச்சி, பிடியை அறுக்கிறதுன்னா நான் கேன்டீன் போன பிறகு அறு."

வில்லை மட்டும் வரும்

ராம்பாலுக்கு விஷயத்தைச் சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு அப்போ நினைப்பு. வர்ற குளிர்காலத்துல அவர் ரிட்டயர் ஆகிறார். ஊருக்குப் போயிட்டார்னா நான் எங்கே போய்த் தேடுவேன்? என் சிநேகிதனைக் கொன்னது என் கைதான்னு நினைச்சுக்கிட்டே அந்த மனுஷன் கட்டையில போகணுமா?

ஆனா அவர் என் கண்ணுல பட்டாத்தானே. தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு ஸ்பேனர் வேணும்னா தேவராஜ் அண்ணன் கையில வில்லையைக் கொடுத்தனுப்புவார். நான் யார்டுக்குப் போனா, வண்டியைத் திருப்பிக்கிட்டு ஷெட்டுக்குப் பின்னால போயிடுவார். சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷன்ல தூரத்துல பார்த்தா, வந்த வண்டியை விட்டுட்டு அடுத்த வண்டிக்கு நிப்பார். ஒரு தடவை பேர் சொல்லியே கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி படியிறங்கிட்டார். அத்தனை வருஷம் இட்லி போட்ட கை இது. எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

நீங்களாவது சொல்லுங்கண்ணேன்னு தேவராஜ் அண்ணன்கிட்டக் கெஞ்சினேன். முறிஞ்ச துண்டையும் காட்டினேன். அவர் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முடியாதுன்னுட்டார். "நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பான் தங்கச்சி, நீ சொன்னாத்தான் அவன் நம்புவான்."

இந்த வருஷத்துப் பூஜை

இந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள், பெயிண்ட் டப்பாவும் பிரஷுமா எல்லாரும் ஜன்னலுக்கு வந்துட்டாங்க. தலைக்கு வேணும்னா அடிங்க, இரும்பு மேல மோதுற முகத்துலயும் பிடியிலயும் ஒரு சொட்டு படக் கூடாதுன்னேன். ஒரே ரகளை. சாமி முன்னால அம்மணமா வைக்கிறதான்னு ஒருத்தர். காலங்காலமா வர்ற வழக்கம்னு ஒருத்தர். பல்பீர் மட்டும் பிரஷைக் கீழே வச்சுட்டான். சர்மாஜி வந்தார். சண்டை போடுவார்னு நினைச்சேன். பயந்த மனுஷன், தரையைப் பார்த்துக்கிட்டே, மேடம் சொல்ற மாதிரியே இருக்கட்டும்னுட்டுப் போயிட்டார். அவர் எழுதாம விட்டதுக்கு அவரால முடிஞ்சது அதுதான் போலிருக்கு. ஆளுங்க கோவத்துல விளக்குமாத்துக் கட்டைக்கெல்லாம் சிவப்பு அடிச்சாங்க. அடிச்சுட்டுப் போறாங்க, விளக்குமாறு யார் நெஞ்சுலயும் பறந்து வந்து விழாது.

பூஜை முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நான் போகலை. ஜன்னல் பக்கம் யாரோ நிக்கிற மாதிரி இருந்தது, நிமிர்ந்தா ராம்பால். கையில தொன்னையில பூந்தி. தலை நரைச்சுப் போச்சு, தோள் ரெண்டும் இறங்கிப் போச்சு. பிரசாதம் கொண்டுபோய்க் கொடுன்னு தேவராஜ் அண்ணன் சொல்லியிருக்கார், தான் கொண்டு வர மாட்டேன்னு அண்ணன் கண்டிப்பா மறுத்துட்டாராம். பிரசாதத்தை எப்படி வேண்டாம்னு கீழே வைக்கிறது, அதனால வந்து மாட்டிக்கிட்டார். தொன்னையை மேடையில வச்சுட்டு நகரப் பார்த்தார். நான் ஜன்னல் வழியா கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அரசாங்க ஆபீஸ்ல பொம்பளை பண்ற காரியமான்னு கேட்காதீங்க. விட்டா போயிடுவார்.

எல்லாத்தையும் சொன்னேன். என் இந்தி ஒண்ணும் அவ்வளவு ஒழுங்கா வராது, அன்னைக்கு எப்படியோ வந்தது. வெடிப்பு முன்னமே இருந்ததைச் சொன்னேன், உள்ளே பெயிண்ட் ஓடியிருந்ததைச் சொன்னேன். உங்க அடி சரியாத்தான் விழுந்தது, உங்க மேல தப்பில்லை, எனக்கு உங்க மேல வருத்தமில்லைன்னு சொன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டார். சந்தோஷப்படுவார்னு பார்த்தேன். இல்லை. அடி சரியா விழுந்தது தனக்குத் தெரியும்னார். கைக்குத் தெரியாதான்னார். அத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட, சம்மட்டியை எடுத்ததும் தரையில தட்டிப் பார்க்காம, பிடியை முறுக்கிப் பார்க்காம தான் ஓங்கினதில்லையாம். வெடிச்ச பிடி தட்டின சத்தத்துலயே காட்டிக் கொடுத்துடுமாம். அப்போ அன்னைக்கு ஏன் தட்டிப் பார்க்கலைன்னு நான் கேட்கலை. கேட்கவும் மாட்டேன். அவரே கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு அது அவ்வளவு அழகா இருந்தது பாபி, புதுசுன்னு நினைச்சுட்டேன்."

ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்து நான் கண்டது இவ்வளவுதாங்க: அழுக்கா இருக்கிறதைத் தட்டிப் பார்க்க எல்லாருக்கும் தோணும், பளபளன்னு இருக்கிறதைத்தான் நீங்களும் நானும் மறக்காம ஒரு தட்டு தட்டிப் பார்க்கணும்.